ஊரை மட்டம் தட்டுவதற்கு இங்கிலீஷில் என்ன வினை? ‘கிரிட்டிசைஸ் அபௌட்’ தப்பா?

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன இங்கிலீஷ் சந்தேகம்தான், ஆனால் நாலு நாளாக மண்டையைக் குடைகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் வேலூர், வேலை சென்னையில். எங்கள் டீமில் பாதிப் பேர் வெளிமாநிலத்துக்காரர்கள், அதனால் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் எல்லாமே இங்கிலீஷ்தான். போன வாரம் ஒருவர் (அவரும் தமிழ்தான், திருச்சிப் பக்கம்) என்னைக் கலாய்க்க அந்தப் பழைய வசனத்தை எடுத்துப் போட்டார். நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். நம்ம ஊர்ப் பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் அதையும் சேர்த்து இங்கிலீஷில் மொழிபெயர்த்து, கூடவே சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. யோசிக்காமல் ‘ப்ளீஸ் டோன்ட் கிரிட்டிசைஸ் அபௌட் மை டவுன்’ என்று அடித்து அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் டீம் லீட் என் வரியையே திருப்பிப் போட்டார், ‘அபௌட்’ மேல் மட்டும் ஒரு கோடு இழுத்து. அவ்வளவுதான், பேச்சு ஊரை விட்டு என் கிராமருக்குத் தாவிவிட்டது. திருச்சிக்காரர் தப்பித்துவிட்டார், மாட்டிக்கொண்டது நான்.

இப்போது கேள்வி. ‘அபௌட்’ ஏன் வரக்கூடாது? தமிழில் ‘என் ஊரைப் பற்றிக் குறை சொல்லாதே’ என்றுதானே சொல்கிறோம்? அதைவிடப் பெரிய சந்தேகம், அங்கே ‘கிரிட்டிசைஸ்’ என்ற சொல்லே பொருத்தம்தானா என்பது. அகராதியைப் பார்த்தால் பிலிட்டில், டிஸ்பாரேஜ், டெனிக்ரேட், டெப்ரிகேட், ரன் டவுன் என்று ஒரு கூட்டமே நிற்கிறது, எதைத் தொட்டாலும் ‘தாழ்த்திப் பேசு’ என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே போடுவது? ஓர் ஊரை ‘பிலிட்டில்’ பண்ண முடியுமா, இல்லை அது மனிதர்களுக்கு மட்டும்தானா?

குடியாத்தம் வாத்தியார்:

தம்பி, முதலில் மனசை விடாதே. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதாத தமிழனை நான் இன்னும் பார்க்கவில்லை, நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியவன்தான். உன்னுடையது அதற்குத் தம்பி முறை.

பழி முழுவதையும் தமிழ் மேல் போடாதே. ‘ஊரைப் பற்றிக் குறை சொன்னான்’ என்கிறோம், ‘ஊரைக் குறை சொன்னான்’ என்றும் சொல்கிறோம், இரண்டும் சரி. இங்கிலீஷில் இந்த வினைகளுக்கு இரண்டாவது வழி மட்டும்தான் உண்டு. ‘ஐ’ உருபு கேட்கிற வினைகள் என்று மனசில் வைத்துக்கொள், குழப்பம் தீர்ந்துவிடும். கிரிட்டிசைஸ் மை டவுன், பிலிட்டில் மை டவுன், டிஸ்பாரேஜ் மை டவுன். நடுவில் எதுவும் வராது. எதற்காகக் குறை சொன்னார்கள் என்று காரணமும் வேண்டுமானால் ‘ஃபார்’ போடலாம்: ‘ஹி கிரிட்டிசைஸ்டு மீ ஃபார் கமிங் லேட்’. உனக்கு ‘அபௌட்’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது தெரியுமா? ‘கம்ப்ளெய்ன்’ என்ற வினையிலிருந்து. அது ‘அபௌட்’ கேட்கும். ‘காமென்ட்’ என்றால் ‘ஆன்’ கேட்கும். மூன்றும் நம் வாயில் ஒரே இடத்திலிருந்து வருவதால் ஒன்றன் சட்டையை இன்னொன்று மாட்டிக்கொள்கிறது.

இனி எந்த வினை என்ற கேள்வி. வகுப்பறையை வைத்துச் சொல்கிறேன். பையன் எழுதிய கட்டுரையில் சிவப்பு மையால் வட்டம் போட்டு ‘இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை’ என்று நான் எழுதினால் அது கிரிட்டிசைஸ். அதில் நியாயம் இருக்கலாம், பையனுக்கு நன்மையும் இருக்கலாம். அதே நோட்டை மூடாமலே ஓரமாகத் தள்ளிவிட்டு ‘உனக்கெல்லாம் எதுக்குடா கட்டுரை’ என்று சொன்னால் அது பிலிட்டில். அந்த நோட்டில் ஒரு தப்பைக்கூட நான் காட்டவில்லை, பார்த்தாயா? ஆனால் பையன் அரை அடி குள்ளமாகிவிட்டான். அப்படிச் செய்ய திட்டும் வார்த்தைகூட வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரன் ‘ஜஸ்ட்’ என்றோ ‘ஒன்லி’ என்றோ ஒரு சின்னச் சொல்லைச் செருகிவிட்டுப் போய்விடுவான், வேலை முடிந்துவிடும்.

மனிதர்களுக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒருவரின் உழைப்பை, சாதனையை, வலியை, ஊரை, எதையும் பிலிட்டில் பண்ணலாம். சொல்லை உடைத்துப் பார், பி, லிட்டில். நம்முடைய ‘சிறுமைப்படுத்து’ அப்படியே அச்சு. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘லி’யில் விழ வேண்டும், முதல் அசையில் அழுத்தினால் தொப்பையைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

டெனிக்ரேட் பற்றியும் கேட்டிருக்கிறாய். லத்தீனில் அதற்குக் கறுப்பாக்குவது என்று பொருள். நாம் முகத்தில் கரி பூசுவது என்கிறோமே, அதுதான். பெயரையே கெடுக்கிற அளவுக்குப் போனால்தான் அது பொருந்தும். வாட்ஸப் கிண்டலுக்கு அவ்வளவு பெரிய கத்தி வேண்டாம்.

ராணிப்பேட்டை தோல்காரன்:

‘ரன் டவுன்’ பக்கம் மட்டும் போய்விடாதே தம்பி, நான் பட்டவன் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு தோல் கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இருந்தேன், பெயர் வேண்டாம். வெளிநாட்டு பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்தார். ஃபினிஷ் ஆன சரக்கை வெயிலில் பிடித்து, விரலால் மடக்கி, ஷேடு ஒத்துவரவில்லை என்று எடுத்ததையெல்லாம் தள்ளினார். அதுகூடப் பரவாயில்லை, அவர் வேலையே அதுதான். லோடு ஏற்றுகிற இடத்தில் இருபது ஆட்கள் பார்க்க எங்கள் சூப்பர்வைசரை ‘உனக்குத் தோல் என்றால் என்னவென்று தெரியுமா’ என்கிற மாதிரி பேசிவிட்டார். தோல் முதுகில் ஏறி இறங்கி வளர்ந்த மனுஷன் அவர், முப்பது வருஷ அனுபவம். எனக்கு ஆறவில்லை. சாயங்காலமே பையருக்கு மெயில் அடித்தேன், புதிதாகக் கற்றுக்கொண்ட வினை வேறு கையில் இருந்தது: ‘யுவர் இன்ஸ்பெக்டர் ரேன் டவுன் அவர் சூப்பர்வைசர் இன் தி யார்டு’.

ராத்திரி பதினோரு மணிக்குப் போன். அந்தப் பக்கம் பதறுகிறார்கள், அடி எங்கே, எந்த ஆஸ்பத்திரி, போலீஸுக்குச் சொன்னீர்களா என்று. வண்டி ஏற்றிவிட்டார் என்று படித்திருக்கிறார்கள்! ‘யார்டு’ என்று வேறு போட்டிருந்தேனா, அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும், சந்தேகமே வரவில்லை. நான் விளக்கி முடிக்க அரை மணி நேரம். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் டீ கிளாஸோடு என் மேஜைக்கு வந்து ‘இன்னாப்பா, நான் செத்துட்டேனாமே’ என்றார்.

சரி, பிழை இல்லை என்பார் வாத்தியார். ‘ரன் டவுன்’ என்றால் குறைத்துப் பேசுவதும் உண்டு, வண்டி ஏற்றுவதும் உண்டு, பேட்டரி தீர்ந்துபோவதும் உண்டு. எனக்கு அன்றைக்கு வேண்டியது மூன்றில் ஒன்று, வந்தது இன்னொன்று. தன்னைத்தானே மட்டமாகப் பேசுகிறவரிடம் ‘டோன்ட் ரன் யுவர்செல்ஃப் டவுன்’ என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது, தன் மேல் தானே வண்டி ஏற்ற முடியாது பாருங்கள். இன்னொன்று, ‘மீ’, ‘ஹிம்’ மாதிரி சின்னச் சொல் என்றால் நடுவில் வர வேண்டும், ‘ரன் ஹிம் டவுன்’. ‘புட் டவுன்’ என்பதற்கும் அப்படித்தான், ‘புட் மீ டவுன்’.

நம்ம தொழில் சொல் ஒன்றும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பேப்பரில் ‘ஆப்போசிஷன் ஃப்ளேஸ் கவர்ன்மென்ட்’ என்று தலைப்பு போடுகிறார்களே, அந்த ‘ஃப்ளே’ என்றால் தோலை உரிப்பது. பச்சைத்தோல் வாங்கும்போது திருப்பிப் போட்டு உள்பக்கம் தடவிப் பார்ப்போம், உரித்தவன் கத்தி ஆழமாகப் பட்டிருந்தால் அங்கே ஒரு கீறல் இருக்கும், அதற்குப் பெயரே ஃப்ளே கட். அது விழுந்தால் கிரேடு இறங்கிவிடும், விலையும் இறங்கிவிடும். ‘தோலை உரிச்சுடுவேன்’ என்று நம்ம ஊரில் அப்பா மிரட்டுவதும் இங்கிலீஷ் பேப்பர் தலைப்பும் ஒன்றுதான் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

வாலாஜா பஸ் ஸ்டாண்டு:

எல்லாரும் பாடம் எடுக்கிறீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். அவர் எழுதியது அந்த குரூப்பில் யாருக்காவது புரியாமல் போனதா? இல்லை. புரிந்துவிட்டது, பதில் சொல்ல வழியில்லை, அதனால் ‘அபௌட்’டைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு போட்டு அடித்தாரே டீம் லீட், வாத்தியார் கணக்குப்படி அதுதான் பிலிட்டில். முதலில் அதைக் கேட்டுவிட்டு அப்புறம் கிராமர் பார்க்கலாம்.

குடியாத்தம் வாத்தியார்:

வாலாஜாக்காரர் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் கிரிட்டிசிசம். இத்தனை பேர் நடுவில் வேறு பேச்சை மூட அதைப் பயன்படுத்தினது வேறு கணக்கு. ஆனால் புரிந்தால் போதும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோல்காரர் மெயிலும் அவர்களுக்குப் புரியத்தான் செய்தது, என்ன புரிந்தது என்பதுதான் சிக்கல்.

காட்பாடி கோடு:

‘டெப்ரிகேட்’ என்று எழுதிவிடாதீர்கள் நண்பரே, ஆபீஸ் ஐடி ஆபீஸாக இருந்தால் உங்கள் ஊரையே மூடப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் ஒரு ஃபங்ஷனை (புரோகிராமில் ஒரு துண்டு) ‘டெப்ரிகேட்டட்’ என்று குறித்தால் அதைத் திட்டுகிறோம் என்று அர்த்தம் இல்லை. இன்னும் ஓடும், ஆனால் புதிதாக எதிலும் பயன்படுத்தாதே, அடுத்த வெர்ஷனில் எடுத்துவிடலாம் என்று அர்த்தம். லத்தீன் வேரில் அந்தச் சொல்லுக்குக் கெட்டது வராமல் இருக்க வேண்டிக்கொள்வது என்று பொருளாம், எங்கள் பழைய புரோகிராம்களைப் பார்த்தால் அந்தப் பொருளும் சரியாகத்தான் வருகிறது.

அதோடு ஒட்டிப் பிறந்த மாதிரி ‘டெப்ரிஷியேட்’ என்று இன்னொன்று. அது மதிப்புக் குறைவது. ஆடிட்டர் மெஷினுக்குப் போடுகிற தேய்மானம். ஓர் ‘ஐ’ எழுத்துதான் வித்தியாசம், ஸ்பெல் செக் இரண்டையும் விட்டுவிடும்.

ஆனால் ‘செல்ஃப் டெப்ரிகேட்டிங்’ என்பது உங்கள் கதைக்கு வேண்டிய சொல். யோசித்துப் பாருங்கள், அந்தத் தண்ணீர் இல்லாத ஆறு வசனத்தை நம்மை விட அதிகமாகச் சொன்னது யார்? காலேஜில் வெளியூர்ப் பையன்கள் வந்து இறங்கினால் முதல் நாளே நாமே பெருமையாகச் சொல்லிக்காட்டுவோம். நாம் சொன்னால் செல்ஃப் டெப்ரிகேட்டிங், திருச்சிக்காரர் சொன்னால் பிலிட்லிங். சொல் அதேதான், வாய்தான் வேறு. எங்கள் அம்மா என்னைத் தண்டச்சோறு என்பார், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நாள் ‘ஆமாமா’ என்று சொல்லிவிட்டார், ஆறு மாசம் பேச்சு இல்லை.

கோட்டைவெளி:

பிலிட்டில் என்ற சொல்லைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும் தம்பி, அது பிறந்ததே உங்களுடையதைப் போன்ற ஒரு சண்டையில்.

பிரான்ஸில் பூஃபோன் என்று பெரிய இயற்கை அறிஞர் இருந்தார். அமெரிக்காவில் குளிரும் ஈரமும் அதிகம், அதனால் அங்கே மிருகங்கள் எல்லாம் ஐரோப்பாவை விடச் சின்னதாகத்தான் இருக்கும், இங்கிருந்து கொண்டுபோன ஆடு மாடுகூட அங்கே போனால் சிறுத்துவிடும் என்று எழுதினார். நேரில் போய்ப் பார்க்காமலே. தாமஸ் ஜெஃபர்சனுக்கு, பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், இதைக் கேட்டு உங்களைப்போல் சுருக்கென்று பட்டிருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தைப் பற்றி அவர் எழுதி 1785ல் பாரிஸில் அச்சான புத்தகத்தில், இரண்டு பக்கத்து மிருகங்களின் எடையையும் பட்டியல் போட்டுப் பதில் சொன்னார். அதில்தான், அட்லாண்டிக்கின் அமெரிக்கப் பக்கத்தில் இயற்கை தன் படைப்புகளைச் சிறுக்கவைக்கிறது என்ற அந்தக் கொள்கையைச் சொல்லும் இடத்தில், ‘பிலிட்டில்’ என்று ஒரு வினையைப் போட்டார். இப்போது கிடைக்கிற எழுத்தில் அந்தச் சொல்லுக்கு முதல் இடம் அதுதான். அப்போது அதற்கு நிஜமாகவே உருவத்தைச் சின்னதாக்குவது என்று பொருள், பேச்சால் சின்னதாக்குவது பின்னால் ஏறிய பொருள்.

வேடிக்கை என்னவென்றால், 1787ல் லண்டன் பத்திரிகை ஒன்று ஊரை விட்டுவிட்டு அந்த வினையைப் பிடித்துக்கொண்டது. இதென்ன சொல், வர்ஜீனியாவில் வேண்டுமானால் அழகாக இருக்கும், எங்களால் பொருளை ஊகிக்கத்தான் முடிகிறது, வெட்கம் மிஸ்டர் ஜெஃபர்சன் என்று. உங்கள் டீம் லீட் அங்கேயும் இருந்திருக்கிறார். ஜெஃபர்சன் அசரவில்லை. அதே வருஷம் மூஸ் என்கிற அந்த ஊர்ப் பெரிய மானின் எலும்பையும் தோலையும் கப்பலில் வரவழைத்து பூஃபோனுக்கே அனுப்பிவைத்தார்.

டிஸ்பாரேஜும் நல்ல சொல்தான். பழைய பிரெஞ்சில் தகுதிக்குக் கீழான இடத்தில் சம்பந்தம் பண்ணுவது என்று பொருள். 1215ல் எழுதிய மாக்னா கார்ட்டா என்ற இங்கிலாந்து உரிமைச் சாசனத்திலேயே வாரிசுகளை அப்படிக் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற ‘போயும் போயும் அந்த இடத்திலா’ என்பதுதான் அது. ஆனால் வாட்ஸப்புக்குக் கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட சொல்.

அப்புறம் அந்த வசனத்துக்கும் நீங்கள் ஒரு மூஸ் அனுப்பலாம். சாமி இல்லாத கோயில் என்றது ஒரு காலத்தில் உண்மை, ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல்தான் இருந்தது. 1981ல் லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்களே, எங்கிருந்து? உங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான். ராஜா இல்லாத கோட்டை என்பதும் முழு உண்மை இல்லை. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் பிடித்து 1816ல் இங்கே கொண்டுவந்து கோட்டையில் வைத்தான், 1832ல் அவர் இறக்கும்வரை இங்கேதான், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவர் சமாதி. கைதியாக இருந்தாலும் ராஜா ராஜாதான். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை எல்லோரும் செல்போனில் எடுத்தோம், பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், என் பையனுக்கு அதுதான் முதல் தடவை ஆற்றில் தண்ணீர்.

மரம் இல்லாத மலைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வெயில் காலத்தில் பஸ்ஸில் வரும்போது அந்தப் பாறைகளைப் பார்த்தால் நமக்கே தெரியும். அதைச் சொன்னால் கிரிட்டிசைஸ் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, ‘அபௌட்’ இனி என் பக்கம் வராது. தோல்கார அண்ணன் மெயிலை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கோட்டைவெளி அக்கா, லிங்கம் எங்கள் ஊரிலிருந்து போனது எனக்கே தெரியாது, அப்பாவிடம் கேட்டேன், ‘அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்டா’ என்கிறார், இத்தனை நாள் சொல்லவே இல்லை.

என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். குரூப்பில் மறுபடி எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் திரும்பும்போது ஆற்காட்டில் இறங்கி ஒரு கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டு போனேன், அதுதான் என் மூஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து நடு மேஜையில் வைத்தேன். டீம் லீட் ஒன்று எடுத்து, ஸ்பூனால் வெட்டி, உள்ளே இருந்த முந்திரியையும் பாதாமையும் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டார். திருச்சிக்காரர் மூன்று சாப்பிட்டார், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஜீராவைத் துடைத்துக்கொண்டே ‘நைஸ், பட் இட்ஸ் ஜஸ்ட் எ குலாப் ஜாமூன்’ என்றார்.

‘நவ் யூ ஆர் பிலிட்லிங் மை ஸ்வீட்’ என்றேன். நடுவில் எதுவும் போடவில்லை.

குடியாத்தம் வாத்தியார்:

நூற்றுக்கு நூறு. ஆனால் மக்கன் பேடாவை ஜாமூன் என்றதற்கு ‘டெனிக்ரேட்’ போட்டிருந்தாலும் நான் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டேன்.